கஞ்சி போகாத கைக்குட்டை

நேற்றுக் காலை பீரோவின் அடித்தட்டை ஒழித்துக்கொண்டிருந்த என் மனைவி, நான்காக மடித்த ஒரு துணியை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள்.

"ஏனுங்க, இதென்ன காடாத்துணி? மிக்சி தொடைக்க எடுத்துக்கட்டுங்களா?"

வேண்டாம் என்றேன்.

"அப்ப எதுக்குத்தான் ஆகுமுங்க இது?"

அதை வாங்கி முகர்ந்து பார்த்தேன். பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியின் வாசம், அதற்கு அடியில் லேசாகத் தறி எண்ணெய். உங்கள் தறிக்குடோன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது போலிருந்தது. உங்கள் தறியில் நெய்து, வெளுக்காமல் சாயம் போடாமல் அப்படியே வெட்டி, உங்கள் வீட்டு அம்மணி நாலு பக்கமும் மடித்துத் தைத்துக் கொடுத்த கைக்குட்டை. மடிப்பு மடிப்பாகவே இருக்கிறது.

நலம் விசாரிக்காமல் கடிதத்தை ஆரம்பித்துவிட்டேன். உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் நலமா, மழை உண்டா என்று கேட்பது எனக்கே சரியாகப் படவில்லை.

முன்னுரை விஷயத்தில் உங்களுக்கு இருந்த கொள்கை எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பீளமேட்டில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த டுட்டோரியலில் வங்கி அதிகாரி தேர்வுக்குப் படிக்கப் போனபோதுதான் நாம் பழகினோம். கணக்கு, பொது அறிவு எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அரை மணி நேரம். நாட்டின் எந்தப் பிரச்சினையானாலும் அரை மணி நேரத்தில் ஆங்கிலத்தில் தீர்த்துவைப்பவரே வங்கியில் கையெழுத்துப் போடத் தகுதியுள்ளவர் என்று யாரோ முடிவுசெய்திருந்தார்கள். வாத்தியார் ஒரு டைம்பீஸை மேசைமேல் வைத்து, கரும்பலகையில் மூன்று எண்கள் எழுதிப்போடுவார். ஐந்து, இருபது, ஐந்து. ஐந்து நிமிடம் யோசனை, இருபது நிமிடம் எழுத்து, ஐந்து நிமிடம் திருத்தம். முன்னுரையை எழுத்து ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் முடித்துவிட்டு விஷயத்துக்குள் போய்விட வேண்டும் என்பார்.

முதல் வாரம் குடிநீர்ப் பஞ்சம் பற்றி எழுதச் சொன்னார். அரை மணி முடிந்ததும் உங்கள் தாளை வாங்கிப் படித்தார். ஒன்றரைப் பக்கம். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி.

"ஏப்பா, அரை மணி நேரமாச்சு. இன்னும் நீ கொழாயவே தொறக்கலையே?"

"தொறக்கலாமுங்க சார். அதுக்கு முன்னால படிக்கறவரு வந்து உக்காரோணுமில்லீங்க?"

வகுப்பே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. உண்மையாகவே சொன்னீர்கள் என்பது கீழே இறங்கி டீ குடிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. "அதெப்புடிங்க, வந்தவங்கள வாசல்லயே நிக்க வெச்சுட்டு விசயத்தச் சொல்றது? விசயம்ங்கறது கெளம்பறப்பச் சொல்றதுங்க" என்றீர்கள்.

நினைத்துப் பார்த்தால் நம் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தான். எங்கள் வீட்டுக்கு ஏணி இரவல் கேட்க வந்த ஒருவர் தண்ணீர் குடித்து, மழை விசாரித்து, மாட்டின் உடம்பு விசாரித்து, என் அக்காவின் மாமியார் வீட்டை விசாரித்து, முக்கால் மணி நேரம் கழித்துச் செருப்பை மாட்டிக்கொண்டபின், "அட, வந்த விசயத்தையே மறந்துபோட்டனுங்க பாருங்க" என்று ஏணிப் பேச்சை எடுத்தார். அவர் மறக்கவில்லை. அப்படிச் சொல்வதுதான் மரியாதை. இந்த மரியாதையை முழுக்க ஆங்கிலத்தில் எழுதிக்காட்ட நினைத்த ஒரே ஆள் நீங்கள்தான். சிவப்பு மசியோடு விடைத்தாள் திருத்த உட்கார்ந்திருப்பவர் ஏணி கேட்டு வந்தவர் இல்லை என்று உங்களுக்கு யாராலும் புரியவைக்க முடியவில்லை.

அதைச் சரிசெய்தது தறிதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் சோமனூருக்குப் பஸ் ஏறி வந்துவிடுவேன். உங்கள் தம்பி மற்றத் தறிகளைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் ஓரத்துத் தறி ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டு, நூல் மூட்டைமேல் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து எழுதுவீர்கள். தறியின் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் இருக்கும் தார்க்குச்சியில் நூல் தீர்ந்தால் தறி நின்றுவிடும். ஒரு தார் ஓடுவதற்கு ஆறு ஏழு நிமிடம். நின்றதும் எழுந்துபோய் வேறு தார் மாட்டித் தறியை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தால், முன்னுரையின் நூலும் உங்களுக்கு அறுந்துபோயிருக்கும். வேறு வழியில்லாமல் விஷயத்துக்குள் போவீர்கள். நாலு தாரில் ஒரு கட்டுரை முடிந்துவிடும், முடிவுரையோடு. அந்தக் குடோனில் நீங்கள் எழுதிய கட்டுரைகளைப் போல டுட்டோரியலில் ஒருவரும் எழுதவில்லை. நான் எழுதவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

ஆனால் சத்தமில்லாத இடத்தில் உட்கார்ந்தால் மறுபடியும் வாசலிலேயே நின்றுவிடுவீர்கள். கையில் கடிகாரம் கட்டியிருக்கிறீர்களே, அதைப் பார்த்தால் என்ன என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"பாக்கோணும்னு நெனப்பு வரோணுமில்லீங்க? தறி நிக்கோணும். நின்னாத்தானுங்க எனக்கு நேரம் தெரியும்."

கைக்குட்டை யோசனை அப்போது வந்தது. இருவரும் விண்ணப்பத்தை ஒரே நாளில் ஒரே தபாலாபீசில் போட்டிருந்ததால் நம் எண்கள் அடுத்தடுத்து வந்திருந்தன. நான் முன் பெஞ்சு, நீங்கள் எனக்கு நேர் பின்னால். எழுதத் தொடங்கி ஏழு நிமிடம் ஆனதும் நான் கைக்குட்டையை எடுத்துத் தோள்மேல் போட வேண்டும். வியர்வைக்காகப் போட்டதாகத் தெரியும். உங்களுக்கு அது தார் தீர்ந்த தறி. தலை நிமிர்ந்தால் கண்ணில் படுவதற்காகவே அவ்வளவு பெரிதாக வெட்டினீர்கள். உங்கள் அம்மணி தைத்துக் கையில் கொடுக்கும்போது, "அண்ணா, அவரு எழுதறப்பத் தலைய நிமுத்தறது அபூர்வமுங்க. நிமுந்தா இது தெரியோணும். நீங்கதான் பாத்துக்கோணும்" என்றது.

உங்களுக்கு அது கடைசி வாய்ப்பு. அடுத்த தேர்வுக்குள் வயது வரம்பு தாண்டிவிடும். எனக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. உங்கள் அப்பாவுக்குத் தறிச் சத்தத்தில் காது முழுதாகப் போயிருந்தது. பக்கத்தில் போய்க் கத்தினாலும் உதட்டைத்தான் பார்ப்பார். "எனக்கு இன்னும் பாதி இருக்குதுங்க. அது போறதுக்குள்ள வெளிய போயிரோணும். எம் புள்ள கூப்புடறது எனக்குக் கேக்கோணுமுங்க" என்று நீங்கள் சொன்னது ஒரே ஒரு தடவைதான்.

தேர்வில் வந்த தலைப்பு சிறுதொழில். கேள்வித்தாளைப் பார்த்ததும் பின்னால் நீங்கள் மூச்சை இழுத்துவிட்டது எனக்குக் கேட்டது. சோமனூர்க்காரருக்கு இதைவிட நல்ல தலைப்பு எந்தத் தேர்விலும் வராது. எனக்குச் சிறுதொழில் பற்றித் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் தறிமேல் சாய்ந்து நின்று சொன்னவை மட்டும். மின்சாரம் நின்றால் ஒரு தெரு முழுக்க எப்படி ஒரே நேரத்தில் அமைதியாகிவிடும், நூல் கிடைப்பதில் ஒரு வாரம் தாமதமானால் எத்தனை அடுப்புக்கு அது தெரியும், இதையெல்லாம் நான் எழுத ஆரம்பித்தேன். நன்றாகவே வந்தது. எனக்கே ஆச்சரியம்.

ஏழாவது நிமிடத்தைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், எடுபடவில்லை. முள் எங்கே நின்றது என்பதுகூட நினைவிருக்கிறது. கையிலிருந்த வாக்கியம் முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. அடுத்த வாக்கியம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. பத்தாவது நிமிடத்தில் இடது கை சட்டைப்பைக்குப் போனது. துணியின் முறுமுறுப்பு விரலில் பட்டது. அப்போது தலை நிமிர்ந்து அந்தக் கூடத்தைப் பார்த்தேன். எத்தனை பெஞ்சுகள், எத்தனை குனிந்த தலைகள். இவர் எழுதி முடித்தால் என்னுடையதைவிட நன்றாக இருக்கும், நான் எழுதுவதே இவர் சொன்னதுதான் என்று ஓர் எண்ணம் வந்தது. கெட்ட எண்ணங்கள் மீசையை முறுக்கிக்கொண்டு வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். இது வாசலில் வந்து, தண்ணீர் குடித்து, மிக மரியாதையாக உட்கார்ந்தது. கையை வெளியே எடுத்துப் பேனாவுக்குக் கீழே தாளைப் பிடித்துக்கொண்டேன்.

மணி அடித்தது. பள்ளிக்கூட மதிலை ஒட்டியிருந்த பஸ் நிறுத்தத்தில் நாம் நின்றோம். நீங்கள் முன்னுரையில்தான் இருந்தீர்கள். பருத்தி எங்கிருந்து வருகிறது என்று ஆரம்பித்து, சோமனூரை அடையும்போது தாளைப் பிடுங்கிவிட்டார்களாம்.

"நீங்க கைக்குட்டையப் போட்டிருப்பீங்க. நாந்தானுங்க குனிஞ்ச தலை நிமுரலீங்க. உங்க மேல ஒரு தப்புமில்ல."

இப்படி நீங்களாகவே சொன்னீர்கள். நான் அப்போது வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்கூடப் பாதிப் பாவத்தோடு தப்பித்திருப்பேன்.

"ஆமாங்க. ரெண்டு தடவ போட்டனுங்க" என்றேன்.

ஒரு தடவை போதாது என்று இரண்டு. பொய்யைக் கஞ்சத்தனமில்லாமல் சொன்னேன்.

நீங்கள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தீர்கள். பிறகு, "போச்சாதுங்க, உடுங்க. பஸ் வந்துருச்சு பாருங்க" என்றீர்கள்.

எனக்கு வேலை கிடைத்து வடக்கே போனபோது ரயில் நிலையத்துக்கு முறுக்குப் பொட்டலத்தோடு வந்தீர்கள். எதிர் இருக்கையில் இருந்த முன்பின் தெரியாதவரிடம், "ஏனுங்க, இவரு பேங்க் ஆபீசருங்க. கட்டுரை பிரமாதமா எழுதுவாரு. கொஞ்சம் பாத்துக்குங்க" என்றீர்கள். அவர் எழுந்து எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார். ரயில் நகரும்வரை நான் அந்த ஜன்னலில் உட்கார்ந்து உங்களைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப்பின் வருடத்துக்கு இரண்டு கடிதங்கள். உங்கள் கடிதத்தில் முதல் இரண்டு பக்கம் விசாரிப்பு, கடைசி வரியில் விஷயம். ஒரு கடிதத்தின் கடைசி வரியில்தான், "காதுக்கு மிசின் வெச்சுக்கச் சொல்றாங்க, பாக்கலாம்" என்று இருந்தது. நான் பதிலில் மழையைப் பற்றி எழுதினேன்.

வங்கியில் எனக்கு நல்ல பெயர். எதையும் நேரத்துக்கு முடிப்பவன் என்று. கோயமுத்தூருக்கு மாற்றலாகி வந்தபின், புதிதாகச் சேருபவர்களுக்கு நேரத்தைக் கையாளுவது எப்படி என்று மாதம் ஒருமுறை வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நானும் போய் ஐந்து, இருபது, ஐந்து என்று எழுதிப்போடுகிறேன். பையன்களும் பெண்களும் பயபக்தியோடு குறித்துக்கொள்கிறார்கள். அந்த இருபதுக்குள் இன்னொருவருடைய இருபதும் அடக்கம் என்று பாடத்திட்டத்தில் இல்லை.

மாற்றலாகி வந்த இரண்டாவது மாதம் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள் என்று உங்கள் தம்பி வந்து சொன்னான். கல்லீரல். குடிக்காதவர்களுக்கும் அது கெடும் என்று டாக்டர் சொன்னதை உங்கள் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் நம்பவில்லையாம். பார்வையாளர் நேரம் மாலை நாலரை முதல் ஐந்து வரை. சரியாக அரை மணி.

எனக்குப் பழக்கமான அளவு. பஸ்ஸில் வரும்போதே டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். ஐந்து நிமிடம் உடம்பு விசாரிக்க. இருபது நிமிடம் அந்த விஷயம். ஐந்து நிமிடம், நீங்கள் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ள.

கட்டிலில் மஞ்சள் பூத்த கண்ணோடு சாய்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தீர்கள்.

"வாங்க வாங்க! ஏனுங்க, வெயில்லயா வந்தீங்க? உக்காருங்க. அம்மணி, அண்ணனுக்கு நாற்காலிய இழுத்துப் போடு. தண்ணி குடு."

உங்கள் அம்மணி நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு டம்ளரை நீட்டியது. குடித்தேன். ஊட்டுல அம்மணி சௌக்கியங்களா என்றீர்கள். சௌக்கியம் என்றேன். கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்துச் சந்தோஷம் என்பதுபோலத் தலையாட்டினார். வடக்கே குளிர் எப்படி, பாப்பா என்ன படிக்கிறது, அங்கே இட்லி அரிசி கிடைக்குமா. ஒவ்வொன்றுக்கும் நான் கத்திப் பதில் சொல்ல, வார்டு முழுவதும் என் குடும்ப விவரத்தைத் தெரிந்துகொண்டது. சுவரில் இருந்த கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. நான் சொல்ல வந்ததையும் இதே குரலில்தான் சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. எட்டுக் கட்டில்களுக்கும் கேட்கும்படி, உங்கள் அம்மணி டம்ளரோடு நிற்கும்போது.

அப்போது நீங்களே கேட்டீர்கள்.

"அந்தக் கைக்குட்டை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"கஞ்சி போயிருச்சுங்களா?"

யோசிக்காமலே, இல்லை என்று தலையாட்டினேன். தலையாட்டி முடித்தபிறகுதான் அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. காடாத்துணியை ஒரு தடவை வியர்வையில் போட்டு, வீட்டில் ஒரு தடவை அலசினால் முறுமுறுப்பு போய்விடும், மடிப்பு கலைந்துவிடும். அது உங்களுக்குத் தெரியாதா? உங்கள் துணி. இரண்டு தடவை தோளில் போட்டதாகச் சொன்ன கைக்குட்டை இத்தனை வருடம் கழித்தும் கஞ்சி போகாமல் இருக்கிறதென்றால், அது பையை விட்டு வெளியே வரவே இல்லை.

நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பஸ் நிறுத்தத்தில் பார்த்தீர்களே, அதே பார்வை. நான் வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க... வடக்க மழை உண்டுங்களா?" என்று நான் திறப்பதற்காக இன்னொரு கதவைக் காட்டினீர்கள்.

நான் அந்தக் கதவு வழியாகப் போனேன். மழையைப் பற்றிச் சொன்னேன். ஐந்து ஆவதற்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வாட்ச்மேன் மணியை ஆட்டிக்கொண்டு வந்தார். எழுந்தேன். வார்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். விஷயம் கிளம்பும்போது சொல்வது என்று நீங்கள்தானே சொல்லியிருந்தீர்கள். நீங்கள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் அப்பா பார்ப்பதுபோல.

"வாரேனுங்க" என்றேன்.

கையைத் தூக்கிக் காட்டினீர்கள். நாலாம் நாள் போய்விட்டீர்கள்.

துக்கத்துக்கு வந்தபோது தறிகளை நிறுத்தியிருந்தார்கள். அந்தக் குடோனில் அவ்வளவு சத்தமின்மையை நான் கேட்டதில்லை. உங்கள் அம்மணி என்னைப் பார்த்து அழுதபின், "அன்னைக்கு நீங்க போனதுக்கப்புறம் சொன்னாருங்க, 'அவரு என்னமோ சொல்ல வந்தாரு, நேரம் பத்தலை'ன்னு" என்றது.

இத்தனை நாள் நான் நினைத்துக்கொண்டிருந்தது, நீங்கள் ஏமாந்தவர், நான் ஏமாற்றியவன் என்று. அதை ஒருமாதிரி பழகிவைத்திருந்தேன். இப்போது அதுவும் நிற்கமாட்டேன் என்கிறது. பஸ் நிறுத்தத்தில் நீங்கள் பேசியது ஏமாந்தவரின் பேச்சாக எனக்குத் தெரியவில்லை. தலை நிமிர்ந்து என் வெறும் தோளை நீங்கள் அன்றைக்குப் பார்த்திருக்கிறீர்களோ என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு மறுபடி குனிந்து, முன்னுரையிலேயே உட்கார்ந்துகொண்டீர்களோ. கேட்பதற்கு ஆள் இல்லை.

உங்க மேல தப்பில்ல என்று நீங்கள் சொன்னது எனக்குப் போட்ட நாற்காலி. உட்கார்ந்து, மூச்சு வாங்கி, வந்த விஷயத்தை நான் மெதுவாகச் சொல்லட்டும் என்று போட்டது. நான் உட்கார்ந்தேன். எட்டு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

கைக்குட்டை இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. மிக்சியை வேறு துணியால் துடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அடுத்த வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதும் அது அங்கேதான் இருக்கும். ஏழாவது நிமிடத்தில் கை அதைத் தொடும், எனக்குத் தெரியும், எல்லா மாதமும் அப்படித்தான் வெறும் பையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

செருப்பை மாட்டிக்கொண்டேன், சொல்லிவிட்டுப் போகிறேன். நான் போடவில்லைங்க. ஒரு தடவைகூட.